பூண்டுப் பாலும் ஆறு வருட வயிற்றுவலியும்

கேள்வி: எனக்கு 41 வயது. மௌல்மீனில் துணிக்கடை வைத்திருக்கிறோம். ஆறு வருடமாக வயிற்றுவலி. மதியத்துக்கு மேல் தொப்புளைச் சுற்றி முறுக்கும். வயிறு உப்பிக்கொண்டு, காலையில் கட்டிய லுங்கியைச் சாயங்காலம் தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கும். வெளிக்குப் போனால் கொஞ்சம் அடங்கும். சில நாள் மூன்று நான்கு தடவை போகிறது, சில நாள் போவதே இல்லை. ரங்கூனுக்கு வந்து ஸ்கேன், எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி, ரத்தம், மலம் எல்லாம் பார்த்தாயிற்று. "ஒன்றும் இல்லை, கவலையைக் குறையுங்கள்" என்றார்கள். கத்தரிக்காய், இறால், கருவாடு, ஙப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். வலி விடவில்லை. பங்குனியில் அம்மனுக்குப் பத்து நாள் விரதம் இருந்தபோது வலி இரட்டிப்பாயிற்று. தெய்வக் குற்றம் என்கிறார்கள். காலையில் நான்பியாவும் (கோதுமை ரொட்டி) பேப்யோவும் (அவித்த பட்டாணி), கடையில் உட்கார்ந்தால் பால் டீ நாலைந்து, மதியம் சோறும் மீன் குழம்பும், சாயங்காலம் லப்பெ தோ (ஊறவைத்த தேயிலைக் கலவை), இரவில் சோறும் பருப்பும். இதுதான் என் சாப்பாடு. வாயுவுக்கு நல்லது என்று அத்தை தினமும் படுக்கப் போகும்போது பூண்டுப் பால் காய்ச்சித் தருகிறார். ரத்தம் கொடுத்தால் இருநூறு உணவுக்கு ஒவ்வாமை பார்த்துச் சொல்லும் பரிசோதனை பாங்காக்கில் இருக்கிறதாம். செய்துகொள்ளலாமா?
— ஒரு வாசகி, மௌல்மீன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் விரதத்தைப் பற்றி எழுதிய இடம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். மீனும் கறியும் தொடாத பத்து நாளில் வலி இரட்டிப்பாயிற்று என்கிறீர்கள். அந்த நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் பர்மாவில் பிறந்து வளர்ந்த எனக்கு நம் வீட்டு விரதச் சாப்பாடு தெரியும். பருப்புக் குழம்பு, கொண்டைக்கடலைச் சுண்டல், மொச்சைக் கூட்டு, பாயசம், ஒரு வேளைக்குப் பழமும் பாலும். மீன் எழுந்து போன இடத்தில் பயறும் பாலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மன் உங்களைத் தண்டிக்கவில்லை, சகோதரி. அந்தப் பத்து நாளும் நீங்கள் அறியாமலே உங்கள் குடலுக்கு ஒரு பரிசோதனை செய்திருக்கிறீர்கள். எங்கே தேட வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது.

முதலில் "ஒன்றும் இல்லை" என்ற சொல்லைப் பற்றி. புண் இல்லை, கட்டி இல்லை, வீக்கம் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். வலி இல்லை என்று பொருள் அல்ல. குடலுக்குள் சிறு பலூனை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதிப் பார்த்த ஆய்வுகள் உண்டு. மற்றவர்கள் பொருட்படுத்தாத அளவு காற்றுக்கே சிலருக்கு வலி எடுக்கிறது. அவர்களுடைய குடல் நரம்புகள் அவ்வளவு கூர்மையாக உணர்கின்றன. கேமரா குடலின் சுவரைக் காட்டும், நரம்பின் கூர்மையைக் காட்டாது. வாரத்தில் ஒரு நாளாவது வலி, வெளிக்குப் போவதோடு அந்த வலிக்குத் தொடர்பு, போகும் தடவையிலும் தன்மையிலும் மாற்றம், இவை மூன்று மாதமாக நீடித்து, தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருந்தால் அதை ஐபிஎஸ், அதாவது எளிதில் சீண்டப்படும் குடல், என்று சொல்வார்கள். குடல் மருத்துவ வல்லுநர்கள் வகுத்து 2016-ல் வந்த ரோம் அளவுகோல் இப்படித்தான் சொல்கிறது. கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது என் வேலை இல்லை, நான் உணவியல் ஆலோசகர். ஆனால் இந்தப் பெயரை உங்கள் மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லிக் கேட்கலாம்.

இப்போது உங்கள் சாப்பாட்டுக்கு வருவோம். இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு மனது கஷ்டமாக இருந்தது. நீங்கள் விட்டவை எல்லாம் நிரபராதிகள். விடாமல் வைத்திருப்பவைதான் சந்தேகத்துக்கு உரியவை.

வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு வகைகள், பால், மாம்பழம், தர்பூசணி. பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத இவற்றில் சிறுகுடல் சரியாக உறிஞ்ச முடியாத சர்க்கரைகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் இவற்றையெல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து ஃபாட்மேப் என்று பெயர் வைத்தார்கள். இந்தச் சர்க்கரைகள் சிறுகுடலில் தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும். பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்க வைத்துக் காற்று உண்டாக்கும். வெங்காயம், பூண்டு, கோதுமையில் உள்ள ஃபிரக்டானையும் பயறில் உள்ள சர்க்கரையையும் உடைக்கும் நொதி மனிதர் யாருக்குமே கிடையாது. ஆகவே பேப்யோ சாப்பிட்டால் உங்கள் கணவருக்கும் காற்று உண்டாகும், அத்தைக்கும் உண்டாகும். அவர்களுக்கு அது வெறும் காற்று. உங்கள் நரம்புக்கு அது வலி. பாலில் உள்ள லாக்டோஸ் வேறு மாதிரி. அதை உடைக்கும் நொதி குழந்தையில் எல்லோருக்கும் இருக்கும். வளர்ந்த பிறகு நம் பக்கத்து ஆட்களில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும்.

சரி, இத்தனை வருடம் ஏன் கண்ணில் படவில்லை? வலி வரும்போது தட்டில் எது இருக்கிறதோ அதைத்தான் நாம் பிடிக்கிறோம். நீங்கள் காலை ஆறு மணிக்குச் சாப்பிட்ட பட்டாணி பெருங்குடலைத் தொடுவதற்குப் பகல் ஆகிவிடும். அங்கே புளித்துக் காற்றாகும் நேரத்தில் உங்கள் முன்னால் மீன் குழம்பும் ஙப்பியும் இருக்கும். பழி ஙப்பிக்குப் போகும். மீனிலும் இறாலிலும் முட்டையிலும் இந்தச் சர்க்கரைகள் அறவே இல்லை. கத்தரிக்காயிலும் மிகக் குறைவு. இறாலும் கத்தரிக்காயும் நாளைக்கே உங்கள் சமையலறைக்குத் திரும்பி வரலாம். ஙப்பியைப் பூண்டு சேர்க்காமல் செய்துகொள்ளுங்கள்.

பூண்டுப் பாலைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். உங்கள் அத்தை அன்போடு காய்ச்சித் தருவது அது. என் பாட்டியும் பெகுவில் இருந்தபோது எங்களுக்கு அப்படித்தான் காய்ச்சித் தந்தார். கொண்டைக்கடலையும் மொச்சையும் வாயு என்று நம் பெரியவர்கள் சொன்னது முழுக்க உண்மை. அந்த அனுபவ அறிவு ஆய்வுக்கூடத்துக்கு வெகு காலம் முந்தியது. ஆனால் அதற்கு மாற்றாக அவர்கள் கொடுத்த பூண்டில்தான், எடைக்கு எடை பார்த்தால், ஃபிரக்டான் மிக அதிகம். அதைப் பாலில் வேகவைத்துக் குடிக்கும்போது ஃபிரக்டானோடு லாக்டோஸும் சேர்கிறது. பலருக்கு அது ஒன்றும் செய்யாது. உங்களைப் போன்ற குடலுக்கு, மருந்து என்று நினைத்து இரவில் குடிப்பது மறுநாள் உப்புசத்துக்கு அடி போடுவதாக இருக்கலாம்.

பாங்காக் பரிசோதனை வேண்டாம். பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இருநூறு உணவைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும் பரிசோதனைகள் பெரும்பாலும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளப்பவை. ஒரு உணவை நீங்கள் அடிக்கடி சாப்பிடுகிறீர்கள் என்பதற்குத்தான் அது அடையாளம், ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அல்ல. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008-லேயே இதை நோய் கண்டறியப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது உணவை விட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். வலியோடு உடல் மெலிவும் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு எந்த உணவு ஆகாது என்பதை உணவை நிறுத்தியும் திரும்பக் கொடுத்தும்தான் நம்பிக்கையாகக் கண்டுபிடிக்க முடியும்.

தொடங்குவதற்கு முன் இரண்டு விஷயம். மலத்தில் ரத்தம், முயற்சி செய்யாமலே எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். நம் ஊரில் குடல் காசநோயும் உண்டு, அதை மறக்கக் கூடாது. வலி மாதவிலக்கையொட்டிக் கூடுகிறதா என்றும் கவனியுங்கள். அப்படியானால் பார்க்க வேண்டியது பெண்கள் நல மருத்துவரை. இரண்டாவது, கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே, கோதுமையில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று பழைய அறிக்கைகளில் பாருங்கள். நம் பக்கம் அது அரிதுதான். ஆனால் கோதுமையை விட்ட பிறகு செய்தால் அந்தப் பரிசோதனை பொய் சொல்லும்.

இனி நாலு வாரப் பத்தியம். நான்கு முடியாவிட்டாலும் இரண்டு வாரமாவது. ஆறு வாரத்துக்கு மேல் போகவே கூடாது.

காலையில் நான்பியா, பலாட்டா, ஈச்சாகுவே (எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சி), பேப்யோ எதுவும் வேண்டாம். மொய்ங்காவிலும் (மீன் சாற்று நூடுல்ஸ்) வெங்காயம், பூண்டு, கடலை மாவு மூன்றும் இருக்கின்றன, மேலே உடைத்துப் போடும் பேஜோவும் பருப்புதான். அதற்குப் பதில் இடியாப்பம், அரிசிப் புட்டு, அல்லது முந்தின நாள் சோற்றை முட்டை போட்டு வறுத்துக்கொள்ளுங்கள். இட்லியும் தோசையும் உளுந்து சேர்ந்தவை, அவற்றை இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். டீக்கடையில் பால் டீ வேண்டாம். மேசைக்கு மேசை ஃபிளாஸ்கில் இலவசமாக வைத்திருக்கும் வெறுந்தேநீரைக் குடியுங்கள். லப்பெ தோவில் இலையை விட அதோடு கலக்கும் வறுத்த பூண்டும் பயறும்தான் தொந்தரவு. இலையோடு வேர்க்கடலை, எள், தக்காளி, உலர்ந்த இறால் மட்டும் போட்டுக் கலந்து தரச் சொன்னால் கொஞ்சம் சாப்பிடலாம். தோஃபு விஷயத்தில் ஏமாறாதீர்கள். சோயாவில் செய்த கெட்டித் தோஃபு ஒத்துக்கொள்ளும். நம் சந்தையில் மஞ்சளாகக் கிடைக்கும் ஷான் தோஃபு கடலை மாவில் செய்வது. பெயர் ஒன்று, குடலில் செய்யும் வேலை வேறு. பழத்தில் பப்பாளி, அன்னாசி, ஆரஞ்சு, அதிகம் பழுக்காத வாழை சரி. மாம்பழமும் தர்பூசணியும் நாலு வாரம் பொறுக்கட்டும்.

கஷ்டம் எல்லாம் குழம்பில்தான். வெங்காயத்தையும் பூண்டையும் அரைத்து எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை வதக்குவது பர்மா சமையலின் அடிப்படை, நம் வீட்டுக் குழம்பும் இங்கே அந்தக் கைப்பக்குவத்துக்கு வந்துவிட்டது. "வெங்காயத்தைத் தட்டில் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுகிறேனே" என்று எல்லோரும் கேட்பார்கள். உதவாது. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், ஆகவே குழம்பு முழுக்க இறங்கியிருக்கும். ஆனால் எண்ணெயில் கரையாது! இது சமையலறைக்கு நல்ல செய்தி. முழுப் பூண்டை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, பூண்டை முழுசாக எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் வரும், வலி வராது. தண்ணீரோ தக்காளியோ ஊற்றுவதற்கு முன் பூண்டை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்யுங்கள். பாட்டிலில் ஊற்றி வெளியில் வைத்தால் பொட்டுலினம் என்ற கொடிய நஞ்சு உண்டாகலாம். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பாகம் போடலாம். இஞ்சி, மஞ்சள், எலுமிச்சைப்புல், கறிவேப்பிலை, கடுகு, சீரகம் எல்லாம் தாராளமாக. மிளகாயைக் கொஞ்சம் குறையுங்கள். அதில் இந்தச் சர்க்கரை குறைவுதான், ஆனால் கூர்மையான நரம்பை அதுவும் சீண்டும்.

ஒரு நோட்டில் நாலு பத்தி போட்டு, என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, வலி எத்தனை மணிக்கு, பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். லுங்கியைத் தளர்த்திய நேரத்தையும் குறியுங்கள். அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. தூக்கமும் மாதவிலக்கு நாளும் நோட்டில் இருக்கட்டும்.

ஐபிஎஸ் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்தப் பத்தியத்தில் வலி கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது. ஆறு வாரத்திலும் உங்களுக்கு எதுவும் மாறவில்லை என்றால் இந்தச் சர்க்கரைகள் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. பழையபடி சாப்பிட ஆரம்பித்துவிடுங்கள். குடல் நரம்பின் கூர்மையைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. மிகக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் ஐபிஎஸ் வலிக்கு உதவுகிறது என்று 2023-ல் பிரிட்டனில் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. மனச்சோர்வு மாத்திரை என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். இந்த அளவில் அது கொடுக்கப்படுவது வலிக்காக. மருத்துவரிடம் கேளுங்கள்.

வலி குறைந்துவிட்டால்? இங்கேதான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். குறைந்ததே போதும் என்று அப்படியே நின்றுவிடாதீர்கள். என் அம்மாவுக்கும் இதே வலி. ஒவ்வொரு தடவை வலித்தபோதும் ஒரு உணவை நிறுத்தினார், ஒன்றைக்கூடத் திரும்பச் சேர்க்கவில்லை. கடைசிப் பத்து வருடம் கஞ்சியும் உப்பும் அவித்த மீனும்தான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அப்போது நான் இந்தப் படிப்புப் படிக்கவில்லை. பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது, அவர் விட்டவற்றில் பாதிக்கு மேல் அவருக்கு எந்தக் கெடுதலும் செய்திருக்காது. பயறிலும் வெங்காயத்திலும் உள்ள இதே சர்க்கரைதான் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்குத் தீனி. நீண்ட நாள் நிறுத்தினால் அவை மெலிந்துபோகும். அதோடு, இன்றைக்கு விலைவாசியில் பயறு இல்லாமல் ஒரு குடும்பம் புரதத்துக்கு எங்கே போவது?

ஆகவே ஐந்தாம் வாரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள், மூன்று நாள், நாளுக்கு நாள் அளவைக் கூட்டி. மற்றச் சாப்பாடு அப்படியே பத்தியமாக இருக்கும். பாலில் தொடங்குங்கள், முதல் நாள் கால் டம்ளர், மறுநாள் அரை, மூன்றாம் நாள் முழு டம்ளர். ஒரு டம்ளர் பாலில் 12 கிராம் அளவுக்கு லாக்டோஸ் இருக்கும். நொதி குறைந்தவர்களிலும் பலர் ஒரே தடவையில் அதைத் தாங்கிவிடுகிறார்கள். வலி வந்தால் அந்த அளவோடு நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள். வராவிட்டால் பால் விடுதலை. பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு நான்பியா. கோதுமையில் க்ளூட்டன்தான் கெடுதல் என்று எங்கும் பேச்சாக இருக்கிறது. சீலியாக் இல்லாமல் க்ளூட்டனை நிறுத்தியிருந்த 59 பேருக்கு நார்வேயில் க்ளூட்டன், ஃபிரக்டான், வெறும் தின்பண்டம் என்று மூன்றையும் எது எது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளிவந்த முடிவில் தொந்தரவு செய்தது ஃபிரக்டான்தான். ஃபிரக்டான் என்றால் அளவு பார்த்துச் சாப்பிடலாம். பாதி நான்பியா ஒத்துக்கொள்ளும், முழுசு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தால் அதுவே பெரிய லாபம்.

அப்புறம் வெங்காயம். அதன்பின் பேப்யோ, முதல் நாள் இரண்டு மேசைக்கரண்டி, அடுத்த நாள் அரிசி அளக்கும் பால் டின்னில் கால், மூன்றாம் நாள் அரை. பயறை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்தால் சர்க்கரையில் ஒரு பங்கு போய்விடும். பூண்டு கடைசியில் வரட்டும். இப்படி முடிக்க ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். பெரும்பாலோருக்கு எல்லாமே ஆகாமல் போவதில்லை. ஒன்றோ இரண்டோதான் குற்றவாளி, அதுவும் அளவு மீறினால்தான்.

அடுத்த பங்குனிக்கு உங்கள் வயிற்றின் கணக்கு உங்களிடம் இருக்கும். விரதத்தை விட வேண்டியதில்லை. சோறு, சாம்பாருக்குப் பதில் வெங்காயமும் பூண்டும் இல்லாத மிளகு ரசம், சோயாவின் கெட்டித் தோஃபு வறுவல், கத்தரிக்காய், வெள்ளரி, கேரட், பப்பாளி என்று பத்து நாளும் சைவமாகவே இருக்கலாம்.

அத்தையிடம் "உங்கள் பூண்டுப் பால்தான் காரணம்" என்று சொல்லிவிடாதீர்கள். அது இன்னும் சந்தேகம்தான், நிரூபணம் ஆகவில்லை. "நாலு வாரம் பத்தியம் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் அத்தை, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பொறுப்பை அவரிடமே கொடுங்கள். பத்தியச் சமையலில் அவருக்கு இருக்கும் கண்டிப்பு நமக்கு வராது. இன்றிரவு பூண்டுப் பாலுக்குப் பதில் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர் காய்ச்சித் தரச் சொல்லுங்கள். நாலு வாரம் முடிந்ததும் நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். திரும்பச் சேர்க்கும் வரிசையை உங்கள் நோட்டைப் பார்த்து முடிவு செய்வோம்.